கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கை

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டது ஒரு கையைத்தான். எங்கள் தோட்டத்து முச்சந்தியில், ஈப்போ பஸ் நிற்கிற இடத்தில், மலாய்க்கார அம்மாள் ஒருவர் பலகாரம் விற்பார். பொட்டலத்தை வலக்கையால் நீட்டும்போது இடக்கையால் தன் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தினமும். பாவம், மணிக்கட்டு வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பத்து மலாய்ச் சொற்கள் கைவசம் வந்ததும் அவற்றில் மூன்றைச் செலவழித்து, "மக்சிக், தாங்கான் சாக்கிட்?" என்று விசாரித்தேன். அம்மா, கை வலியா என்று கேட்டதாக எனக்கு எண்ணம். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பெட்டிக்கடியிலிருந்து தைலப் புட்டி ஒன்றை எடுத்து என் மணிக்கட்டில் தேய்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. காட்டிக்கொண்டு நின்றேன். ஒரு பொருளை மரியாதையாகக் கொடுக்கும் முறை இங்கே அப்படி என்று என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. சொல்லிவிட்டு ஒரு வாரம் சிரித்தார்.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் இன்னமும் "மலேசியாவில் எப்படி இருக்கிறாய் எஸ்தர்?" என்று கேட்கிறார்கள். மலேசியா எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபிறகு ஈப்போ நகரத்தில், சிலிபின் பகுதியில் இருக்கிறேன். இந்த இரண்டு இடத்தைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும். ஒருமுறை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அண்ணிக்குக் காப்பியை நீட்டினேன். "கையில என்ன, சுளுக்கா?" என்று கேட்டாள். என் இடக்கை வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது எப்போது அங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று எனக்கே தெரியவில்லை. கைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. எழுதப்போவது எங்கள் தோட்டத்து மாரிமுத்து அண்ணனின் மகள் அஞ்சலையைப் பற்றி.

என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, முற்றிய நோயை ஈப்போவுக்கு அனுப்புவது எல்லாம் அவர்தான். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஊரில் பள்ளிக்கூடத்தில் சாரணியாக இருந்தேன் என்று எப்போதோ வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பெண்களைச் சேர்த்து ஒரு சின்னக் குழு தொடங்கச் சொன்னார். மலாயில் அந்தச் சின்னக் குழுவுக்குத் துனாஸ் என்று பெயர், துளிர் என்று பொருள். முடிச்சுப் போடுவது, காயத்துக்குத் துணி கட்டுவது, வரிசையாக நிற்பது, உறுதிமொழி சொல்வது என்று எனக்கு ஞாபகமிருந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்பார்கள். மாலையில் நான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பார்த்த தாய்மார், "டீச்சரு பிள்ளைங்க பெரட்டு வெக்கிறாங்க" என்று பேசிக்கொண்டார்கள். அவர்களும் வேலை முடிந்து, குளித்து, திடல் ஓரத்தில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்தால் பிள்ளை ஈப்போவில் இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். பதினொரு மைல். அங்கேதான் பெரிய குழு இருந்தது. சின்னக் குழுவிலிருந்து பெரிய குழுவுக்குப் பெண்களை ஏற்றிவிடுவதற்கென்று ஒரு சடங்கும் உண்டு. திடலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் சின்னவர்கள், அந்தப் பக்கம் பெரியவர்கள். சின்னவள் தன் மஞ்சள் கழுத்துத்துணியைக் கழற்றித் தன் ஆசிரியையிடம் கொடுத்துவிட்டுக் கோட்டருகே போய் நிற்பாள். பெரியவர்களில் ஒருத்தி வந்து கை கொடுத்து அவளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போவாள். பாளையங்கோட்டையில் இப்படியெல்லாம் கிடையாது. அங்கே சின்னவர்களுக்குப் புல்புல் என்று பெயர். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் டீச்சர் வேறொரு பட்டியலில் நம் பெயரை வாசிப்பார். நாம் எழுந்து வேறொரு பெஞ்சில் போய் உட்காருவோம். அவ்வளவுதான். அழைத்துப்போக ஓர் ஆள் வருவது என்பது எனக்குப் பிடித்திருந்தது. தனியாகக் கப்பல் ஏறி வந்தவளுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

மாரிமுத்து அண்ணன் பால்மரம் சீவுகிறவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசாரியும் அவர்தான். மூத்த மகளை முன்பு ஈப்போ பள்ளிக்கு அனுப்பிப் பார்த்திருந்தார். அந்தப் பெண் மூன்று மாதம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மலாயும் சீனமும் ஆங்கிலமும் பேசுகிற பிள்ளைகளுக்கு நடுவே அவளிடம் ஒருத்தியும் பேசவில்லை. நாலாவது மாதம் பஸ் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது அம்மாவோடு வெளிக்காட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே அஞ்சலையின் ஆறாம் வகுப்பு முடிகிற சமயத்தில் அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அஞ்சலை கெட்டிக்காரி. குழுவில் நான் ஒரு முடிச்சைக் காட்டி முடிப்பதற்குள் போட்டுவிட்டு அடுத்ததைக் கேட்பாள்.

"படிக்கிற புள்ளதான், இல்லேங்கல," என்றார். "ஆனா அங்க இவள யாரு டீச்சர் கூப்பிட்டுக்குவா? பெரியவளுக்கு நடந்தது பாத்திங்கதான? தெரியாத எடத்துல எறக்கி விட்டுட்டு வர முடியாதுலா. அந்தப் பக்கம் கையப் புடிச்சிக்க ஒரு ஆளு இருந்தா நான் அனுப்புறேன்."

"இருக்காங்கண்ணே," என்றேன். "அதுக்குன்னே ஒரு நிகழ்ச்சி வெச்சிருக்காங்க. அங்க உள்ள ஒரு பொண்ணு வந்து இவ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவா. நீங்களே வந்து பாருங்க."

பெருமையாகத்தான் சொன்னேன். பள்ளியில் சேர்க்கும் தாளை அவர் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை நான்கு பெண்களை அழைத்துக்கொண்டு ஈப்போ பள்ளித் திடலுக்குப் போனோம். மாரிமுத்து அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு, வேலியோரம் நின்றார். பெரிய குழுவுக்குத் தலைவி மிஸ் லீ, அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர். அகரவரிசைப்படி அஞ்சலை முதலில் போனாள். கழுத்துத்துணியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோட்டருகே போய் நேராக நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து ரொஹானி என்ற மலாய்க்காரப் பெண் சிரித்தபடி வந்து கையை நீட்டினாள்.

இடக்கையை நீட்டினாள். சாரணியர் உலகம் முழுக்க இடக்கையால்தான் கைகுலுக்குவார்கள். இருதயத்துக்குப் பக்கத்துக் கை என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பாளையங்கோட்டையில் இதைக் கற்றுக்கொண்ட அன்று மாலை, வீட்டுக்கு வந்திருந்த தூத்துக்குடி மாமாவிடம் பெருமையாக இடக்கையை நீட்டினேன். மாமா அந்தக் கையைத் தொடவில்லை. "பிள்ளைக்கு எந்தக் கை எதுக்குன்னு சொல்லிக் குடுக்கலியா நீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா முகம் கறுத்துப்போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தோட்டத்தில் குழு தொடங்கியபோது திடல் ஓரத்தில் தாய்மார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடக்கை விஷயத்தை நான் சத்தமில்லாமல் விட்டுவிட்டேன். நாலு வருஷமாக எங்கள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வலக்கையால்தான் குலுக்கிக்கொண்டார்கள். ஒருநாள் வேறொரு கை எதிரே வந்து நீளும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அஞ்சலை நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு வேலியோரம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். ரொஹானி இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அஞ்சலை அசையவில்லை. நான் போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் கொடுத்த மஞ்சள் துணியை மடித்துக்கொண்டு நின்றேன். ரொஹானி கையை இறக்கி, முறைப்படி சல்யூட் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். மிஸ் லீ என்னிடம் வந்து, "இட்ஸ் ஓக்கே லா. மேபி ஷி இஸ் நாட் ரெடி. நெக்ஸ்ட் இயர் கேன்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். அடுத்து நின்ற மூன்று பெண்களிடமும் அவசரமாகக் கிசுகிசுத்து இடக்கையைக் கொடுக்கச் சொன்னேன். அவர்கள் கொடுத்தார்கள், போனார்கள். அஞ்சலை என் பக்கத்திலேயே நின்றாள்.

பஸ்ஸில் திரும்பினோம். தோட்டத்து முச்சந்தியில் இறங்கியதும் மாரிமுத்து அண்ணன், "பாத்தாச்சு டீச்சர்," என்றார். மறுநாள் என் வீட்டுக்காரர் செய்தி கொண்டுவந்தார். அஞ்சலை ஜனவரியிலிருந்து அக்காவோடு வெளிக்காட்டுக்குப் போகப்போகிறாளாம், பள்ளித் தாளை அண்ணன் அடுப்புமேல் பலகையில் செருகி வைத்துவிட்டாராம். பள்ளி திறக்க ஐந்து வாரம் இருந்தது. ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோனதற்கு நான் காரணம், வேறு யாரையும் சொல்ல வழியில்லை.

அன்று மாலை நாலு மணிக்கு அவர்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் சீவுகத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அஞ்சலை குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பு என்னோடதுண்ணே," என்றேன். "அந்தக் கையத்தான் குடுப்பாங்கன்னு நான் இவளுக்குச் சொல்லிக் குடுக்கல."

"நாய்க்குச் சோறு வெச்சாக்கூட நான் அந்தக் கையால வெக்கிறதில்ல டீச்சர். நாலு பேரு பாக்க என் மவகிட்ட பீச்சாங்கைய நீட்டுது அந்தப் புள்ள. தோட்டத்துப் புள்ளதானன்னு நெனச்சிருப்பாங்க."

"அது அவங்க முறை. மட்டமா நெனச்சு நீட்டல."

கத்தியை நிறுத்தினார். "அவங்களுக்குள்ளயும் அந்தக் கையத்தான் குடுத்துக்கிறாங்களா?"

"ஆமா."

"இங்க பாத்திங்களா, கண்ணால?"

நான் பார்த்ததில்லை. மற்ற வருஷங்களில் இங்கிருந்து ஏறிப்போக ஒருத்தியும் இருந்ததில்லை, அதனால் அந்தத் திடலுக்கு நான் போனதும் இல்லை. "எங்க ஊர்ல பாத்திருக்கேன்," என்றேன்.

"அது ஒங்க ஊரு," என்றார் மாரிமுத்து அண்ணன். கொஞ்ச நேரம் தீட்டினார். பிறகு, "பாக்கணும்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை பெரிய குழு விடுமுறை முகாமுக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. அண்ணன், அஞ்சலை, நான் மூவரும் வேலிக்கு வெளியே மர நிழலில் நின்று பார்த்தோம். சாலையில் போகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். தாமதமாக வந்த சீனப் பெண்ணுக்கு ரொஹானி இடக்கை கொடுத்தாள். மிஸ் லீயிடம் ஏதோ வாங்கப்போன பஞ்சாபிப் பெண்ணும் இடக்கை கொடுத்தாள். மிஸ் லீயும் இடக்கையைத்தான் கொடுத்தார். அண்ணன் ஒன்றையும் விடாமல் பார்த்தார். அரை மணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கும்.

"அந்த மலாய்க்காரப் புள்ள வீட்ல இந்தக் கையால ஒரு சாமான நீட்டுனா, அவ அம்மா சும்மா இருப்பாளா?"

"இருக்க மாட்டாங்க. அவங்களுக்கும் அது மரியாதக் கொறச்சல்தான்."

"அப்ப இது இங்க மட்டுந்தான்."

"இங்க மட்டுந்தாண்ணே."

அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு அஞ்சலையைத் தன் முன்னால் நிறுத்தித் தன் இடக்கையை நீட்டினார். கோயிலில் அந்தக் கையால் அவர் ஒருவருக்கும் திருநீறுகூடக் கொடுத்ததில்லை. "குடு பாப்போம்," என்றார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். "சாமி ஒண்ணும் சொல்லாது, குடு." அவள் கொடுத்தாள். அழுத்தமா புடி, அந்தப் புள்ள மாதிரி புடி என்று சாலையோரத்தில் வைத்து மூன்று தடவை செய்யச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மிஸ் லீக்கு என் பாளையங்கோட்டை ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். எங்கள் மக்களிடையே இடக்கை கொடுக்கும் வழக்கம் இல்லை, பிள்ளை வர மறுக்கவில்லை, தயங்கினாள், அவ்வளவுதான் என்று முதல் பக்கத்தில் எழுதினேன். இப்போது அவளுக்குப் பழக்கிவிட்டோம், உங்கள் முறைப்படியே செய்யுங்கள் என்பது இரண்டாம் பக்கத்தில். பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை அழைத்துவரச் சொல்லிப் பதில் வந்தது. அஞ்சலைக்காக மட்டும் மறுபடியும் கோடு போடுவதாக எழுதியிருந்தார்.

அன்று காலையிலிருந்து தூறல். இந்த முறை அண்ணன் வேலிக்குள் வந்து நின்றார். அவர் சட்டைப்பையில் பள்ளித் தாள் இருந்தது, கையெழுத்துப் போடவில்லை என்று அஞ்சலை சொல்லியிருந்தாள். நனைந்த புல்லில் சுண்ணாம்புக் கோடு கொஞ்சம் கரைந்திருந்தது. அஞ்சலை மஞ்சள் துணியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கோட்டருகே நின்றாள். ரொஹானி வந்தாள். அஞ்சலை தயங்காமல் இடக்கையை நீட்டினாள். அதே சமயம் ரொஹானி வலக்கையை நீட்டினாள்.

மிஸ் லீ என் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்து அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாரோ இல்லையோ. இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாரிமுத்து அண்ணன் ஓர் அடி முன்னால் வந்துவிட்டார். போயிற்று, இனி மூன்றாம் தடவை இல்லை என்று நினைத்தேன். குலுக்குவதற்கு அந்த இரண்டு கைகளும் சரிப்படாது, யாராவது ஒருத்தி மாற்ற வேண்டும். இரண்டு பேரும் மாற்றவில்லை. ரொஹானி தன் வலக்கையால் அஞ்சலையின் இடக்கையை அப்படியே பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் திரும்பினாள். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற இரண்டு பிள்ளைகள் எப்படிக் கை கோத்துக்கொண்டு போவார்களோ அப்படிக் கோட்டைத் தாண்டிப் போனார்கள். அந்தப் பக்கம் போனபிறகும் ரொஹானி கையை விடவில்லை, எல்லோரையும் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே போனாள். அஞ்சலை திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது என்பதை மறைப்பானேன்.

"புடிச்சிக்கிச்சு," என்றார் மாரிமுத்து அண்ணன், என்னிடமா தனக்குத்தானா தெரியவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து, திடலில் கிடந்த பெஞ்சின்மேல் வைத்து, ஓரெழுத்து ஓரெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அஞ்சலை அந்தப் பள்ளியில் கடைசிவரை படித்தாள்.

மிஸ் லீ மகிழ்ச்சியாகக் கோட்டருகே என்னிடம் வந்தார். "கங்கிராட்ஸ், சிஸ்டர்," என்று சாரணிக்குச் சாரணியாக என்னிடம் இடக்கையை நீட்டினார். என் இடக்கையில் அஞ்சலையின் ஈரமான மஞ்சள் துணி இருந்தது. வலக்கையில் விரித்த குடை இருந்தது. மன்னிக்கச் சொல்லி இரண்டையும் தூக்கிக் காட்டினேன். அவர் சிரித்து என் தோளைத் தட்டிவிட்டு, கோட்டைத் தாண்டித் தன் பிள்ளைகளிடம் போனார். தூறல் எப்போதோ விட்டிருந்தது. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, துணியை வலக்கைக்கு மாற்றி இடக்கையைக் கொடுக்க ஒரு நொடி போதும். நான் மடக்கவில்லை.